முதுகுப் படம்

பிரிக்பீல்ட்ஸ்
31-5-1943
சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,
நல்லா இருக்கேன். மரவள்ளிக்கிழங்கு தின்னு தின்னு வயிறுதான் கல்லாயிடுச்சி. ஓடிப்போன வெள்ளக்கார வாத்தியார் வீட்டுல ஒரு புத்தகம் கெடந்திச்சி. அதுல ஒரு படம். நானூறு வருசத்துக்கு முன்ன இத்தாலிக்காரன் ஒருத்தன் செவப்பு சாக்பீஸ் மாதிரி ஒண்ணுல வரைஞ்சது. ஒரு ஆளு சட்டையில்லாம முதுகக் காட்டி உக்காந்திருக்கான். தோள்பட்டைக்குக் கீழ ஒரே ஒரு கோடு, அழிச்சு அழிச்சு அழுத்தியிருக்கான். உடம்பு பாரம் மொத்தமும் அங்கதான் நிக்கிது. கால் கட்டைவிரல மட்டும் ஓரத்துல மூணு தடவ போட்டிருக்கான். மூஞ்சிய வரையாமலே விட்டுட்டான்! பள்ளிக்கூடத்துல எதையும் நான் இவ்ளோ நேரம் பார்த்ததில்ல லா. அத்தானுக்கும் அதே முதுகுதான். ஞாயித்துக்கிழமை அனுப்பி வை, வரையணும்.
தம்பி கிரிகரி

கிளாங்
3-6-1943

அன்புள்ள தம்பிக்கு,
படிப்ப விட்டுட்டு இப்ப படமா? சரி, வருவாரு. ரயில்வே கைப்பட்டை இல்லாத ஆம்பளைங்கள ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போறான். இவரு எங்கயாச்சும் கழட்டி வச்சிட்டு வந்துருவாரு. அதனால சட்டைக் கையிலயே தைச்சிட்டேன். நாலு மணி ரயில்ல திரும்ப ஏத்திவிடு. உர்சுலா அப்பா மடியிலதான் தூங்கும்.
உன் அக்கா டொரத்தி

பிரிக்பீல்ட்ஸ்
8-6-1943

அக்கா,
அத்தான் வந்து சேரலன்னு ஆள் விட்டிருக்கியே? நாலு மணிக்கு நான்தானே ஏத்திவிட்டேன். வழியில பிடிச்சிருப்பான். மாதாவ வேண்டிக்கோ.
கிரிகரி

கிளாங்
28-10-1945

தம்பி,
சயாம்லேருந்து நம்ம தெரு நாகையா திரும்பி வந்தான். உன் அத்தான் கால்ல புண்ணு வந்து போன வருசமே செத்துட்டாரு. புதைச்சது அவன்தான். பிரிக்பீல்ட்ஸ்ல ரெண்டு பேரையும் ஒரே லோரியிலதான் ஏத்தினாங்களாம். அப்பவே இவரு உடம்புல சட்டை இல்லியாம். ரயிலுக்குப் போன மனுசன் ஏண்டா சட்டையில்லாம போனாரு?
அக்கா

பிரிக்பீல்ட்ஸ்
2-11-1945

அக்கா,
பொய் சொன்னேன். அன்னைக்கு நாங்க ரயிலுக்கே போகல. படத்துல இருக்கிற மாதிரி சட்டையக் கழட்டச் சொல்லி, வாசல் வெளிச்சத்துல உக்கார வச்சேன். "நேரமாச்சு, விடுடா"ன்னாரு. "அந்த ஒரு கோடு மட்டும் அத்தான்"னேன். லோரி வந்திச்சி. சட்டை உள்ள ஆணியில தொங்குது. "பட்டை சட்டையில இருக்கு, எடுறா கிரிகரி, எடு"ன்னு கத்தினாரு. எடுத்துட்டு ஓடியாறதுக்குள்ள லோரி கெளம்பிடுச்சி. பின்னாலயே ஓடினேன். முதுகுதான் தெரிஞ்சிது.

சட்டையும் படமும் அனுப்பறேன். எவ்ளோ வேணும்னாலும் திட்டு. ஆனா எழுது.
கிரிகரி

கிளாங்
19-11-1945

கிரிகரி,
படத்துல அவரேதான். இடது தோள் மச்சத்தக்கூட விடல நீ. சட்டைக் கையில என் தையல் ஒண்ணும் பிரியல.

இனிமே எனக்கு எழுதாத.

வீட்டுல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. அப்பா எப்படி இருப்பாருன்னு உர்சுலா கேட்டா. உன் படத்தக் கையில குடுத்தேன். மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கும்னு தாளத் திருப்பித் திருப்பிப் பார்க்குறா.
டொரத்தி