கழித்தல் குறி போட்டுத் தேடினேன்

19-7-99, திங்கள்

ஆடிக் காற்று. தடாகம் ரோட்டில் ஸ்கூட்டர் இரண்டு முறை ஆடியது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். இனி இந்த டைரி இங்கேதான், டிராயிங் மேஜை இழுப்பறையில். வீட்டுக்குப் போகாது.

சனிக்கிழமை ரிசல்ட். நரம்பு டாக்டர் என் மனைவி சரசுவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். மோட்டார் நியூரான் வியாதி. கையில் தொடங்கியிருக்கிறது. பிறகு கால், நாக்கு, கடைசியில் சுவாசம். மருந்து? தலையை ஆட்டினார். எத்தனை நாள் என்று கேட்டேன். மேஜை மேலிருந்த கண்ணாடி உருண்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா அதுலயே பாதி போயிரும்."

வெளியே வந்து அவளிடம், கழுத்தெலும்புத் தேய்மானம், அது நரம்பை அமுக்குகிறது என்றேன். "அவ்ளோதானுங்களா?" என்றாள். ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் தேய்மானம் இருக்கிறது. நம்பிவிட்டாள்.

அவள் அண்ணனுக்கு போன். தொண்டாமுத்தூர் தோப்பில் யானை புகுந்து எட்டுத் தென்னையைச் சாய்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒன்றுதான் சொன்னார்: "அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க மாப்ள."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மறைக்க வேண்டிய ஆள் ஒருத்திதான். அவளோடுதான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாக வேண்டும்.

22-7-99, வியாழன்

காலையிலிருந்து தூறல். பம்ப் கேசிங் வரைபடம் முடியவில்லை. மேனேஜர் முகம் சரியில்லை. போகட்டும்.

ஆர்.எஸ்.புரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் புதிதாக பிரவுசிங் சென்டர். ஓனர் ஜாபர் பாய். என் வயதுதான் இருக்கும், முன்பு ரேடியோ ரிப்பேர். ஆறு கம்ப்யூட்டர். எனக்கு நாலாம் நம்பர். கடைசியில் திரை போட்டு ஒரு கேபின், அது லேடீஸுக்கு.

வெளிநாட்டில் எதற்கும் ஒரு மருந்து வைத்திருப்பார்கள் என்று நம்பித்தான் போனேன். வியாதியின் பெயரை அடித்தேன். ஒரு பக்கம் திறக்கப் பதினோரு நிமிடம். யாரோ ஒரு குடும்பத்தின் படம், மேலிருந்து கீழே. முதலில் முடி, பிறகு நெற்றி, கண். வாய் வருவதற்குள் லைன் கட்.

பாய்: "படத்த ஆஃப் பண்ணிப்போட்டுப் பாருங்க சார். நமக்கு எழுத்து வந்தாப் போதுமில்லீங்களா?"

ஆஃப் பண்ணினேன். எழுத்து மளமளவென்று வந்தது. முதல் வரியிலேயே குணமாக்கும் மருந்து இல்லை என்று. படத்தோடேயே விட்டிருக்கலாம்.

27-7-99, செவ்வாய்

இதுவரை கற்றது:

- படம் ஆஃப். (மேலே எழுதியாயிற்று.)
- வியாதியின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தப் பெயர் சேர்ந்தாற்போல் உள்ள பக்கம் மட்டும் வரும். இல்லாவிட்டால் மோட்டார் கம்பெனிகள் எல்லாம் வருகின்றன. பம்ப் மோட்டார் உட்பட.
- ஒரு ஜன்னலில் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு ஜன்னல் திறக்கலாம். சும்மா உட்கார்ந்து நகம் கடிக்க வேண்டியதில்லை.
- பக்கத்தை ஃபிளாப்பியில் ஏற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு நிதானமாகப் படிக்கலாம். டிக்‌ஷனரி பக்கத்தில் வேண்டும். என் இங்கிலீஷ் நட்டு போல்ட்டோடு நின்றுவிடும்.

ஒவ்வொன்று கற்கும்போதும் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி இருக்கிறது. அப்புறம் வந்ததைப் படிக்க வேண்டும். வேகமாகத் தேடத் தெரிந்தவனுக்குக் கெட்ட சேதி வேகமாக வருகிறது, வேறு மாற்றம் ஒன்றுமில்லை.

சட்டைப் பையில் ஃபிளாப்பி. மறக்காமல் எடுத்து மேஜையில் வைக்க வேண்டும்.

2-8-99, திங்கள்

நேற்று தோசைக் கரண்டி இரண்டு முறை கீழே விழுந்தது. "காத்துக்குக் கை வெறச்சுப்போச்சுங்க" என்று அவளே காரணம் சொன்னாள். நான் ஆமாம் போட்டேன். தோசையை நான் திருப்பிப் போட்டுக் கிழித்துவிட்டேன். சிரித்தாள்.

தினமும் காலையில் கழுத்துப் பயிற்சி. ஏதோ வாரப் பத்திரிகையில் பார்த்து நானே எழுதிக்கொடுத்தது. இடம் பத்து, வலம் பத்து, மேலே பத்து. நான் எண்ணுவேன். ஒன்றுகூடக் குறைக்காமல் செய்கிறாள். நானெல்லாம் ஒரு மனுஷன்.

ஆறாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சனிக்கிழமையும் ஸ்கூலுக்குப் போய்விடுகிறாள். சாக்பீஸ் நிற்காத கையை வைத்துக்கொண்டு அப்படி என்ன சயின்ஸ் நடத்துகிறாளோ. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? கழுத்தெலும்புதானே.

கேஸ் புக் பண்ண வேண்டும். மோர்க்காரியிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

5-8-99, வியாழன்

வெயில், காற்று, புழுதி. பாய் இன்று ஒரு புது வித்தை சொல்லிக்கொடுத்தார். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கம் ஒன்றும் வராது.

சாவு என்ற சொல்லுக்குப் போட்டேன். ஃபேட்டல் என்ற சொல்லுக்குப் போட்டேன். மருந்தில்லை என்று சொல்ல என்னென்ன சொல் உண்டோ அத்தனைக்கும் போட்டேன். தேடு.

ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்த இடத்தில் வந்தது ஏழு. காந்தப் படுக்கை விற்கிறவன் ஒருவன். ஏதோ பாசிப் பொடி விற்கிறவன் ஒருவன். நாய்களுக்கு வரும் பக்கவாதம். ஒரு மோட்டார் சைக்கிள் சங்கம். மீதி மூன்றும் திறக்கவேயில்லை.

பாசிப் பொடிக்காரனுக்கு இமெயில் அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். அவன் பொய் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

9-8-99, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஆபீஸிலிருந்து அரை நாள் பெர்மிஷன். நாலாம் நம்பர் மானிட்டர் புகைந்துவிட்டதாம். மற்ற ஐந்தில் நாலில் காலேஜ் பிள்ளைகள். "ஏனுங்க சார், லேடீஸ் கேபின் சும்மாதான் கெடக்குது, மத்தியானத்துல யாரும் வரமாட்டாங்க. உக்காருங்க" என்றார் பாய்.

வழக்கம்போல் மேற்கோள் குறி, வியாதியின் பெயர். பட்டியல் வந்தது. நாலாம் நம்பரில் நான் படிக்காததெல்லாம் நீலமாக இருக்கும். இதில் மேலிருந்து கீழ்வரை ஊதா. கம்ப்யூட்டர் கோளாறு என்று பாயைக் கூப்பிட்டேன்.

"கோளாறு இல்லீங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல யாரோ ஏற்கெனவே தொறந்து படிச்ச லிங்க் ஊதா ஆயிரும். இதுல ஒரு டீச்சரம்மா வருவாங்க, சனிக்கெழமைச் சனிக்கெழம. வலது கை முடியாதுங்க பாவம். இடது கையிலயே தட்டுவாங்க. ரெண்டு மணி நேரம் அசைய மாட்டாங்க."

பாய் போய்விட்டார். திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போனேன். ஆறாம் பக்கம்வரை ஊதா. நான் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. வியாதியைப் பற்றிய பக்கங்களை முதலிலேயே முடித்துவிட்டிருக்கிறாள். அப்புறம் அவள் திறந்ததெல்லாம் வேறு. படுத்துக் கிடப்பவரைத் தனி ஆளாகப் புரட்டுவது எப்படி. ஊட்டிவிடுவது எப்படி. கவனித்துக்கொள்கிறவர் எப்போது தூங்குவது, உடம்பு கெடாமல் இருப்பது எப்படி.

எனக்காகப் படித்திருக்கிறாள். நான் எப்படிச் சமாளிப்பேன் என்று பார்த்திருக்கிறாள்.

ஒன்றையும் நான் திறக்கவில்லை. நேரம் முடிந்தது என்று பாய் வந்து தட்டும்வரை பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

10-8-99, செவ்வாய்

முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் மறைத்தாளே என்று. என்ன கோபம் இது, எனக்கே வெட்கமாக இருக்கிறது.

காலையில் பயிற்சி. இடம் பத்து, வலம் பத்து. ஆறோடு என் எண்ணிக்கை நின்றுவிட்டது. "ஏழுங்க" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். எண்ணி முடித்தேன். ஊதாவைப் பற்றி நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாசிப் பொடிக்காரனிடமிருந்து பதில் இல்லை. அவனும்கூடக் கைவிட்டுவிட்டான்.

கேஸ் வந்தது.

13-8-99, வெள்ளி

காற்று நின்றிருக்கிறது. வரைபடம் முடித்துக் கொடுத்தாயிற்று, மேனேஜர் ஏதோ பாராட்டினார், காதில் விழவில்லை.

காலையில் டிபனுக்கு உட்கார்ந்தபோது அவளாகத்தான் ஆரம்பித்தாள். "நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்லீங்க. உங்க கூட நானும் வாரேன்."

எங்கே என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"பாய் கடைக்குத்தானுங்க. உங்க சட்டைப் பையிலிருந்து ரெண்டு தடவ ஃபிளாப்பிய எடுத்து வெச்சுட்டுத்தான் தொவைக்கப் போட்டேன். மேல பாய் கடை லேபிள்ல அந்த வியாதிப் பேர எழுதி, அதுக்கடில ஸ்கேல் வெச்சுக் கோடு வேற போட்டிருந்தீங்க."

எப்போதிருந்து தெரியும் என்றேன்.

"டாக்டர் என்னைய வெளிய அனுப்பினப்பவேங்க. கழுத்தெலும்புக்கு எதுக்கு ஆள வெளிய அனுப்பறாங்க? அப்பறம் ஃபைல எடுத்துப் பாத்தேன்."

"பின்ன எதுக்குத் தெனமும் கழுத்த ஆட்டிட்டு இருந்தே?"

"நீங்க எண்ணறீங்களேன்னுதானுங்க."

அழுதேன். அவள் அழவில்லை. தண்ணீர் டம்ளரை இடது கையால் என் பக்கம் நகர்த்தினாள்.

அப்புறம் சொன்னாள். போன சனிக்கிழமை இடது கை விரலும் மவுஸை அமுக்க வரவில்லையாம். அம்புக்குறி லிங்க் மேல் போய் நிற்கிறது, அமுக்க முடியவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்ல வெட்கப்பட்டு எழுந்து வந்துவிட்டாளாம். "நீங்க அமுக்குங்க. நான் படிச்சுத் தமிழ்ல சொல்றேன். உங்க இங்கிலீஷுக்கு விடிஞ்சாலும் முடியாது."

சரி என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

மூச்சு முட்டும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கமாம்.