உடைமாற்றும் அறையின் காந்தக் கண்ணாடி

அனுப்புநர்:
மேற்பார்வையாளர் (காலை முறை),
சலவைப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
நிர்வாகம் மற்றும் கட்டிடப் பராமரிப்பு அதிகாரி,
பொது மருத்துவமனை.

பொருள்: பெண்கள் உடைமாற்றும் அறையின் காந்தக் கண்ணாடியை அகற்றவும், என் தம்பி மனைவிக்கு அனுப்பிய குறிப்பாணையை ரத்து செய்யவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டியிருக்கும் எங்கள் அறை ஜன்னலின் துணித் திரையைக் கழற்றிவிட்டு, சென்ற மாதம் புதுக் கண்ணாடி மாட்டினீர்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காந்தத் தூள் கலந்த திரவம் இருக்கிறது, சுவிட்சைப் போட்டால் சட்டத்திலுள்ள கம்பிச்சுருள் காந்தமாகித் தூள் வரிசையில் நிற்கும், வெளிச்சம் வரும், அணைத்தால் தூள் கலைந்து இருண்டுவிடும் என்று விளக்கினீர்கள். நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டலை இம்மனுவின் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

2. காந்தம் தங்கள் சுவிட்சில் மட்டும்தான் இருக்கும் என்று யார் சொன்னது? இம்மாதம் 3ஆம் தேதி காலை, இஸ்திரி இயந்திரத்தில் வேலை செய்யும் என் தம்பி மனைவி உடை மாற்றும்போது, இருண்ட கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் தெளிந்தது. அதில் ஒரு கண் தெரிந்தது. அவள் போட்ட கூச்சலில் அந்த ஆள் ஓடிவிட்டான். ஜன்னலடியில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வளையக் காந்தம் கிடந்தது.

3. அன்றே அதைக் கொண்டுவந்து தங்கள் மேசைமேல் வைத்தேன். "கண்ணாடி நல்லாத்தாம்மா இருக்கு. உங்களுக்குத்தான் பிரமை" என்றார் தங்கள் பொறியாளர். தாங்கள் சிரித்தீர்கள். நான் ஜன்னலில் கட்டிய படுக்கை விரிப்பையும், கட்டிடத்தின் அழகு கெடுகிறதென்று ஆள் அனுப்பி அவிழ்த்தீர்கள். வயிறு எரிகிறது ஐயா.

4. எட்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவள், அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. "எவன்னே தெரியல அண்ணி. சைக்கிள் எடுக்கிற ஒவ்வொருத்தனும் அவன் மாதிரியே இருக்கான்" என்கிறாள். தம்பியிடம் சொல்லவும் கூசுகிறாள். நேற்று அவளுக்குத் தங்கள் குறிப்பாணை வந்தது. வரும் திங்கட்கிழமை காலை பணிக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடுமாம். எட்டிப் பார்த்தவனைத் தேட இதுவரை ஒரு காகிதம்கூட அசையவில்லை. அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

5. ஆகவே குறிப்பாணையை ரத்து செய்யுங்கள். கண்ணாடியைக் கழற்றித் திரையை மாட்டுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஞாயிறு மாலை வரை காத்திருப்போம்.

6. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வளாகம் முழுக்கக் கண்ணாடி மாற்றிய தாங்கள், தங்கள் அறைக்கு மட்டும் கெட்டித் துணித் திரையை விட்டுவைத்திருக்கிறீர்கள். எனவே திங்கள் காலை ஆறரை மணிக்கு, என் தம்பி மனைவி உட்பட நாங்கள் இருபத்தேழு பேரும் தங்கள் அறையில்தான் உடை மாற்றப்போகிறோம். அந்த நேரத்தில் தாங்கள் வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று காவல் காக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பொறுமை தீர்ந்த,
(கையொப்பம்)
மேற்பார்வையாளர்,
மற்றும் இருபத்தாறு பேர்

இடம்: சலவைப் பிரிவு
நாள்: 12ஆம் தேதி, வியாழன்