மூதூர் லோஞ்சில் முதுகு சாய்ந்த நாட்கள்

ராத்தா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த நீளத் தலையணையை இறக்கினேன். இலவம்பஞ்சு மணமும் பூச்சி உருண்டை மணமும் சேர்ந்து வந்தன. தேநீர்கூடப் போடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அவர் அரைக்கண் திறந்து, "விடியவெள்ளன என்னத்துக்கு இந்தத் தலகணி?" என்று கேட்டார். "வெயில்ல போட" என்றேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

நேற்றுப் பின்னேரம் உங்கள் மகள் ஃபோனில் கதைத்தாள். இது அவளுக்கு ஏழாம் மாதம். "சாச்சி, நாரி முறியிற மாதிரிக் கிடக்கு. படுக்கவும் ஏலா, நிக்கவும் ஏலா. ராவெல்லாம் கதிரையிலதான்" என்றாள். கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். வயிறு வளர வளர இடுப்பு இழுபடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்களாம். இடப்பக்கம் சரிந்து படு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வை என்றேன். சொல்லும்போதே அது உங்கள் பேச்சு என்று தெரிந்தது.

நான் மணமுடித்து மூதூருக்கு வந்த புதிது அது. நீங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூப்பு. உங்கள் தங்கை கூப்பிடுவதைக் கேட்டு நானும் ராத்தா என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தேன். இங்கே நகரத்தில், ஓர்ஸ் ஹில் கந்தோருக்கு இருவரும் லோஞ்ச் படகில்தான் வந்துபோனோம், இருவர் வயிற்றிலும் பிள்ளை. லோஞ்சின் பலகை வாங்குகளுக்குச் சாய்மானம் கிடையாது. குடாவைக் கடந்து முடியும்வரை ஒவ்வொரு அலையும் நாரியில்தான் வந்து இடிக்கும்.

ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்ச திரும்பு புள்ள" என்று என்னைப் பிடித்துத் திருப்பினீர்கள். என் முதுகில் உங்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "இதுதான் நம்மட கதிரை. லோஞ்சுக்காரன் தராட்டி நாமளே செய்வம்" என்றீர்கள். அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும் அப்படியே இருந்தோம். உங்கள் சூடு என் நாரியில் மெல்ல இறங்கும். உங்கள் பிள்ளை துள்ளினால் எனக்கும் தெரியும்.

எழும்புவதற்கு முன் "எழும்பப் போறன்" என்று சொல்ல வேண்டும் என்பது நமக்குள் சட்டம். ஒரு காலை இறங்குதுறையில் லோஞ்ச் வந்து அணைந்ததும் நீங்கள் சொல்லாமல் எழும்பிவிட்டீர்கள். நான் மல்லாந்து, பின்னாலிருந்த கத்தரிக்காய் மூடையில் போய் விழுந்தேன். மூடைக்காரர் பதறிப்போனார்.

"தங்கச்சி, புள்ளைக்கு ஒன்டுமில்லையே?"

"ஒன்டுமில்ல காக்கா, அவ கத்தரிக்காய்க்கு விலை பாக்கிறா" என்றீர்கள். லோஞ்சே சிரித்தது. எல்லோரும் இறங்கிப் போன பிறகு என் வயிற்றில் கை வைத்து, "அசையுதா? சொல்லு புள்ள, அசையுதா?" என்று கேட்டீர்கள். அசைந்த பிறகுதான் சந்தோசப்பட்டு அழுதீர்கள்.

கந்தோரில் பழைய கோப்புக் கட்டுகளை மேசைக்கடியில் அடுக்கி, கால் வைக்க எனக்கும் ஒன்று தள்ளிவிட்டீர்கள். பெரிய கிளாக்கர் கண்டுவிட்டு, "அரசாங்கத்தைக் காலால மிதிக்கிறீங்களோ?" என்றார். "இல்ல சேர், அரசாங்கம் எங்களத் தாங்குது" என்றீர்கள். பேனை விழுந்து நான் குனியப் போனால் உங்கள் குரல் வரும்: "நாரிய வளைக்காத, முழங்கால மடி." லீவில் நின்றபோது உங்கள் வளவு மரத்துப் பஞ்சில், ஒரே சீத்தைத் துணியில், ஆளுக்கொரு நீளத் தலையணை தைத்தீர்கள். என்னுடையதுதான் இன்று மடியில் கிடந்தது.

நாங்கள் பிறகு நகரத்துக்கு மாறி வந்துவிட்டோம். இப்போது பாலங்கள் வந்து பஸ் நேரே மூதூருக்கு ஓடுகிறது. ஆனாலும் உங்களை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நான் அங்கே வரவில்லை. தூரத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது. நீங்கள் சமைக்க இல்லாத குசினிக்குள் கால் வைக்க எனக்கு ஏலவில்லை, அவ்வளவுதான்.

மகளின் புருசனுக்குக் கட்டாரில் வேலை. தோப்பூரிலுள்ள அவனுடைய உம்மா, இவளின் மாமி, தன் வீட்டுக்கு வரச் சொல்கிறா. படுக்கையில் கிடக்கும் மாமாவை விட்டுவிட்டு அவவாலும் வர முடியாது. இவள் அசைகிறாளில்லை. "உம்மா எனக்கெண்டு தந்த வூடு. பூட்டிட்டுப் போக மாட்டன். எண்ட புள்ளயும் இஞ்சதான் வரணும்" என்கிறாள். பகலில் அயலவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இரவில் தனி.

"ஆர் உனக்கு ஒத்தடம் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்தான். கை எட்டாத இடத்திலதானே சாச்சி நோவு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இரவு முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. நோவை ஒரு பகிடியாக்கி அடுத்தவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது உங்கள் பழக்கம். கடைசி மாதங்களில் என்னிடமும் அதைத்தான் செய்தீர்கள். நானும் சிரித்துவிட்டு ஃபோனை வைத்திருக்கிறேன்.

நாளை கந்தோரில் சம்பளமில்லாத லீவு கேட்கப் போகிறேன், ராத்தா. பிள்ளை பிறந்து நாள் கழியும்வரை உங்கள் வீட்டில்தான் இருப்பேன். பிள்ளை பெற்ற வீட்டுக்கு எங்கள் சனம் முப்பத்தொரு நாள் என்போம், உங்கள் சனம் நாற்பது என்பீர்கள். கூடின கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. கேட்டால் "வேணாம் சாச்சி, எனக்கு ஏலும்" என்பாள். அதனால் கேட்கப் போவதில்லை. வாசலைத் தாண்டி, பையை உள்ளே வைத்த பிறகுதான் கதை.