சூட்கேஸுக்குள் பைனாகுலர்

அப்பா,

ஏரிக்குப் போறேன். எழுப்பிக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வீங்க, அதான் கேக்கல. அங்கிருந்து நேரா ஸ்கூலுக்குப் போயிடுவேன், யூனிஃபார்ம் பையில இருக்கு.

நேத்து என் ஃப்ரெண்ட் சோடாபுட்டி அங்க கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்தாளாம். பறவை பார்க்கிற எங்க குரூப்ல ரெண்டு பேர் பார்த்தாத்தான் நோட்டுல ஏத்துவோம். அவ கண்ணாடியைப் பார்த்துட்டு யாரும் நம்பல. நான் சாட்சிக்குப் போறேன்.

நீங்க குடுத்த இருபது கணக்கும் போட்டு மேஜை மேல வெச்சிருக்கேன். தப்பு இருந்தா சாயங்காலம் திட்டுங்க. ஆனா பறவையால மார்க் போச்சுன்னு சொல்லாதீங்க. பறவை பார்க்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் எனக்குக் கணக்கு வரல.

பால் காய்ச்சி மூடி வெச்சிருக்கேன். கேஸ்காரர் எட்டு மணிக்கு வருவார்.

மார்க் குறைஞ்சதும் நீங்க வாங்கி வெச்ச என் பைனாகுலரை பீரோ மேல சூட்கேஸ்ல ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு தெரியும். எடுத்துப் பார்த்துட்டு அங்கேயே வெச்சுட்டேன். நீங்களா கையில குடுக்கிற வரைக்கும் தொட மாட்டேன்.

பி.கு.: என் கண்ணுக்குச் சரியா தெரியற இடத்துல பைனாகுலர் ஃபோகஸ் வளையத்துல நெயில் பாலிஷ் கோடு போட்டிருந்தேன். இப்போ வளையம் திரும்பியிருக்கு. வீட்ல நாம ரெண்டே பேர். பால்கனியில நின்னு என்ன பார்த்தீங்க? நோட்டுல எழுதி வைங்க. நாளைக்கு அஞ்சரைக்கு எழுப்புவேன், இன்னொரு சாட்சி வேணுமில்ல?