ஒன்பதாம் கால்வாயின் சீட்டு

நவம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். இந்த வாரம் உங்களுக்குத் தலைவலி என்று எழுதினால்கூட நான் நம்பப் போவதில்லை. எங்கள் ஒன்பதாம் கால்வாய்க்குச் சீட்டு விழுந்துவிட்டது! ஆற்றுப் படுகைத் திட்டத்தையே நடத்துகிறவரிடம் போய் இதைச் சொல்கிறேன் பாருங்கள். இருந்தாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நகரத்திலிருந்து திரும்பிய சங்கச் செயலாளர் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. "விழுந்துடுச்சு, விழுந்துடுச்சு" என்று கத்திக்கொண்டே கரை நெடுகப் போனார். யாரோ கால்வாயில் விழுந்துவிட்டார்கள் என்று நாலு பேர் கயிற்றோடு ஓடினார்கள். எங்கள் கால்வாயில் விழுந்தால் முட்டிதான் உடையும், தண்ணீர் எங்கே இருக்கிறது?

இருபத்து நான்கு கிளைக் கால்வாய்களில் சீட்டுக் குலுக்கி எடுத்த பன்னிரண்டுக்கு மட்டும் மூன்று வருஷம் கோடையிலும் முறை வைத்து, அளந்து தண்ணீர் விடுவீர்கள். மற்றப் பன்னிரண்டும் இப்போது போலவே இருக்கும். கடைசியில் எங்கே எவ்வளவு விளைந்தது, யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். இதைச் செயலாளர் கூட்டம் போட்டுக் கூட்டம் போட்டு விளக்கினார். பாதிப் பேருக்கு விளங்கியது தண்ணீர் என்ற ஒரு சொல்தான். அது போதாதா? கோடை வந்தால் இந்தக் கடைமடையில் முந்நூறு வீட்டு நிலமும் வெடித்துக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் இடுப்பு வலியோடு நகரத்துக்குப் போய்க் கட்டடச் சாரம் ஏறுகிறார். இந்த வருஷம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் நேரே போய்ப் பயறு விதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

உங்கள் கணக்கெடுப்புப் பெண்கள் வந்து போனார்கள். "நேத்து வீட்டுல என்னென்ன சமைச்சீங்க?" என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரி கீரை, முட்டை, மீன் என்று அடுக்கினாள். நேற்று அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததே ஒரு வேளைதான். மானம் போய்விடக் கூடாதே! எல்லாவற்றையும் அப்படியே நம்பி எழுதிக்கொண்டு போக வேண்டாம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவையுங்கள்.

நீங்கள் என் அண்ணி என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.

அண்ணன் வைத்த பெயரோடு,
வாயாடி

நவம்பர் 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே பிரித்தேன். கயிற்றோடு ஓடிய ஆட்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் போனதிலிருந்து நாம் போனில் பேசினால் ஒருத்தி அழுவதும் மற்றவள் தேற்றுவதுமாகவே முடிகிறது, சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம் என்று வைத்துக்கொண்டோம். இதையும் எழுதியே சொல்கிறேன்.

ஒன்பதாம் கால்வாயைப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. எடுக்கச் சொன்னது நான்தான்.

சீட்டில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் பார்க்க எங்கள் ஓட்டுநர்தான் பாத்திரத்தில் கையை விட்டு எடுத்தார். அதற்குப் பிறகு கமிட்டி கூடியது. அணைப் பொறியாளர், பொருளாதார நிபுணர், பணம் தரும் நிறுவனத்தின் அதிகாரி, எல்லோரும் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்கள். நான் எழுந்து, "ஒன்பதாம் கால்வாய்ல என் நாத்தனார் நிலம் இருக்கு" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "அப்ப என்ன பண்ணலாம்?" என்றார் பொறியாளர். "அதை எடுத்துட்டு வேற சீட்டு எடுங்க" என்றேன். டிசம்பர் 18 அன்று அடுத்த கூட்டத்தில் வேறு கால்வாய்க்குச் சீட்டு எடுப்பார்கள்.

இந்தத் தண்ணீரை அணை நிர்வாகத்திடமிருந்து வாங்க எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. மேல்பகுதிக்காரர்கள் வயலில் தேங்கி நிற்க நிற்கப் பாய்ச்சுகிறார்கள், கீழே சனங்கள் ஒரு வேளையைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதே தண்ணீரில் எல்லோருக்கும் சோறு கிடைக்கும் என்று அளந்து காட்டத்தான் இவ்வளவு பாடும். நாளைக்கு ஒருவன் எழுந்து, தலைவி தன் சொந்தக்காரிக்குக் கொடுத்தாள் என்று சொன்னால் மூன்று வருஷக் கணக்கும் குப்பைக்குப் போகும். பன்னிரண்டு மதகும் மூடப்படும்.

உன் வீட்டுக்காரர் விதை வாங்கி வந்தார் என்று படித்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. என்னைத் திட்டு. ஆனால் எழுது.

உன் அண்ணி

நவம்பர் 21

அண்ணிக்கு,

திட்டச் சொன்னீர்கள். உட்கார்ந்து திட்டுகிற அளவுக்குப் பொறுமை வர இத்தனை நாள் ஆயிற்று.

செயலாளர் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வாசலோடு நின்றுகொண்டார். "உங்க ஒரு வீட்டால முந்நூறு வீட்டுக்குப் போச்சும்மா" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார், அதுதான் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், "நீ வேற ஊர்ல கட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று. குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. என் வாய்க்குப் பயந்து நின்ற காலம் போய், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நிற்கிறது. வீட்டுக்காரர் விதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோடை வரட்டும் என்றுகூடப் பார்க்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார்.

உங்கள் நேர்மையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தது நீங்களா, நாங்களா? உங்கள் பெயரில் கறை படவில்லை, சந்தோஷம். சொந்தம் என்று சொல்லி உங்களிடம் நான் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. சீட்டுதான் கொடுத்தது, நீங்கள் கொடுக்கவில்லை. சொந்தம் என்பது கெடுதலுக்கு மட்டும்தான் கணக்கில் வருமா?

பெண்கள் மறுபடி வந்தார்கள். தண்ணீர் உண்டோ இல்லையோ, கேள்வி எல்லாக் கால்வாய்க்கும் உண்டாம். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரி உள்ளதை உள்ளபடி சொன்னாள். "கஞ்சி, ஒரு வேளை, எழுதிக்க" என்றாள். உங்கள் கணக்கு இனிச் சரியாக இருக்கும்.

யாரும் கேட்காதபோது ஏன் அண்ணி எழுந்தீர்கள்?

வாயாடி

நவம்பர் 30

என் அன்புள்ள வாயாடிக்கு,

ஏன் எழுந்தேன் என்று கேட்டிருக்கிறாய். போன கடிதத்தில் எழுதிய காரணம் உண்மைதான். ஆனால் முழுக் காரணம் இல்லை.

சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், நீ எனக்கு யாரும் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. எனக்குக் குழந்தை இல்லை, அப்பா அம்மா இல்லை. அலுவலகத்தில் யாராவது "வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டால் உன்னைத்தான் சொல்கிறேன். அந்த மேஜையில் என்னால் உன்னை மறைக்க முடியவில்லை. உனக்கு நல்லது வருகிற இடத்தில் உன்னை மறைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

உன் கடிதத்தோடு கமிட்டிக்காரர்களைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். பதின்மூன்றாவதாக உங்கள் கால்வாயைச் சேர்க்கலாமா என்றேன். பன்னிரண்டுக்கு மேல் ஒரு கால்வாய்க்கும் தண்ணீர் இல்லை என்றார் பொறியாளர். அது சரிதான், கணக்குப் போட்டதே நான்தான். நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். உங்களை நம்பித்தான் பணம், நீங்கள் போனால் திட்டமே போகும் என்றார் அதிகாரி.

பொருளாதார நிபுணர் மட்டும் ஒரு வழி சொன்னார். "உங்க கணவரே இல்ல. பிள்ளை குட்டி இல்ல, சொத்துப் பொதுவுல இல்ல. அந்தம்மா, இனி எங்களுக்குள்ள உறவும் இல்ல, போக்குவரத்தும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா, நீங்களும் ஆமான்னுட்டா, பழைய சீட்டே நிக்கும். இதுல என்ன இருக்கு?" என்றார். இதில் என்ன இருக்காம்! அவர் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இவர்கள் வந்து எனக்கு நீ யார் என்று சொல்ல வேண்டுமா?

வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பட்டை ஒன்று அனுப்புகிறேன், போட்டுக்கொள்ளச் சொல்.

உன் அண்ணி

டிசம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

இடுப்புப் பட்டை வந்தது. நகரத்துக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். என்னை மறைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அண்ணன் போன பிறகு எனக்கு இப்படி யாரும் சொன்னதில்லை. ஆனால் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தபோது அந்த நிபுணர் சொன்ன இடத்திலேயே மனசு நின்றுவிட்டது. நீங்கள் காபியை வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள். நான் அப்படி எழுந்து வர மாட்டேன். எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

உங்களுக்குப் பொய் வராது. புதுப் பெண்ணாக வந்த வாரமே, குழம்பு எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "உப்பு அதிகம்" என்று சொன்னவர் நீங்கள். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அம்மாவே பின்னால் சொல்லுவாள், அவள் நல்லா இருக்குன்னு சொன்னா நம்பலாம் என்று. கூட்டத்தில், இது நிஜமா என்று உங்களைக் கேட்பார்கள். பொய்யாக இருந்தால் உங்கள் வாயிலிருந்து வராது. அதனால் நிஜமாகவே இருக்கட்டும்.

இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். இங்கே வர வேண்டாம், அண்ணன் நினைவு நாளுக்கும். நீங்கள் அங்கே நினைத்துக்கொள்ளுங்கள், நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுத மாட்டேன். கெடு வைத்துப் பிரிந்தால் அது நாடகம், உங்களுக்கு நடிக்கவும் வராது.

உங்களுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை என்று தெரிந்தேதான் செய்கிறேன். எனக்கு மட்டும் என்ன, அண்ணன் மிச்சம் இருப்பது உங்களிடம்தானே. நேற்று பக்கத்து வீட்டுக்காரியின் மகள் பசி என்று அழுதது இந்தச் சுவர் வழியாகக் கேட்டது. அவளிடம் போய், எனக்கு என் அண்ணி வேண்டும், அதனால் உனக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

கூட்டத்தில் காபியை வைத்துவிட்டு எழுந்து வராதீர்கள். எனக்காக இது ஒன்றைச் செய்யுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ராத்திரியில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறவர் ஊரார் சாப்பாட்டைக் கணக்கெடுக்கக் கூடாது.

உங்கள் மேல் கோபம் இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

வாயாடி

டிசம்பர் 9

ஆற்றுப் படுகை ஆய்வுத் திட்டத்தின் தலைவர் அவர்களுக்கு,

ஒன்பதாம் கிளைக் கால்வாய்ச் சங்க உறுப்பினர் எழுதிக்கொள்வது.

உங்கள் கணவர் என் உடன்பிறந்தவர். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் வழியாக நமக்குள் இருந்த உறவு முடிந்துவிட்டது. நமக்குள் பொதுச் சொத்து இல்லை. கடிதப் போக்குவரத்து இல்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வருவதில்லை. இனியும் இருக்காது.

எனவே என்னைக் காரணம் காட்டி எங்கள் கால்வாயை நீக்க வேண்டாம் என்றும், முதலில் எடுத்த சீட்டின்படியே தண்ணீர் விட வேண்டும் என்றும் முந்நூறு குடும்பங்களின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் மனமறிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்

டிசம்பர் 20

ஒன்பதாம் கிளைக் கால்வாய்ச் சங்க உறுப்பினர் அவர்களுக்கு,

உங்கள் மனு 18ஆம் தேதி நடந்த கமிட்டிக் கூட்டத்தில் படிக்கப்பட்டது. முதலில் எடுத்த சீட்டே நிற்கும் என்று முடிவாகியுள்ளது. ஜனவரி 4ஆம் தேதி காலை உங்கள் கால்வாயின் மதகு திறக்கப்படும். முறை நாட்களைச் சங்கச் செயலாளர் தெரிவிப்பார். கடைமடை வரை தண்ணீர் வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதற்குள் கால்வாயில் அடைத்திருக்கும் மண்ணை எடுத்துவிட்டால் நல்லது. திட்டத்தின் சார்பில் அணைப் பொறியாளர் வருவார். நான் வர மாட்டேன்.

மனுவில் எழுதியிருப்பது உண்மைதானா என்று கமிட்டி என்னைக் கேட்டது. உண்மை என்று சொன்னேன்.

இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

திட்டத் தலைவர்