வெறும் தரையில் மிதித்த கால்

அன்புள்ளவருக்கு,

உங்கள் அக்கா வீட்டில் குளிர் எப்படி? பிட்ஸ்பர்கில் நேற்றே பனி கொட்டிவிட்டது. இப்படிப்பட்ட நாளில்தான் சக்கரம் வழுக்காதபடி தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே, யார் மடியிலும் ஒரு முட்டைகூட உடையாமல், நம் மேட்டிலிருந்து டிராமை இறக்குவீர்கள். அப்படி ஓட்ட இன்னொருவர் பிறக்கவில்லை.

இருபது வருஷமாக, சாயங்காலம் நம் வாசலைக் கடக்கும்போது டிராமின் தரையில் இருக்கும் கால்மணியை இரண்டு தடவை மிதிப்பீர்கள். உடனே உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பேன். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நீங்கள் நடந்து வருவதற்குள் வெந்துவிடும்.

டிராமை எடுத்துவிட்டு உங்களுக்கு பஸ் கொடுத்தார்கள். முதல் நாளே பழக்கதோஷத்தில், மணியே இல்லாத பஸ்ஸின் தரையை மிதித்துவிட்டீர்கள். அதில் வந்த எதிர்வீட்டு ஹெலீனா, நீங்கள் வீடு திரும்பியதும் வந்து சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு டான்ஸ் சொல்லிக்குடுக்கறாருடி." உங்கள் எதிரிலேயே நானும் சிரித்தேன். மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டீர்கள்.

அன்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன். பஸ் கதவின் கண்ணாடி வழியே உங்கள் முழங்கால் இரண்டு தடவை எழும்பியதைப் பார்த்தேன்.

ஹெலீனா வந்து சிரித்தபோது, அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்திருந்தது.

இப்படிக்கு,
ஜன்னலில் நிற்பவள்