ஐந்தாம் பக்கத்தில் காணாமல் போன பாப்பா

கோரமண்டல், தங்கவயல்.

அன்புள்ள அப்பாவுக்கு, பூங்கோதை வணக்கத்துடன் எழுதுவது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து தெரிகிறதா? தம்பியிடம் கொடுக்காமல் நீங்களே படிக்க வேண்டும் என்றுதான் பெரிதாக எழுதுகிறேன். பள்ளிக்கூட வேலையில் கஷ்டம் ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

யுத்தத்தின்போது ஐந்து வயதில் நீங்கள் பர்மாவிலிருந்து நடந்து வந்ததைப் படக்கதையாக வரைந்து, நேற்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் அப்பாவின் கதை என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாதை, நம்மவர்களுக்குத் தண்ணீர்கூட இல்லாத மலைப்பாதை என்றதும், "இன்னா மிஸ் இது, யாரும் கேக்கலையா?" என்றாள் லவினா என்ற சிறுமி. பிறகு புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

"நாலாம் பக்கத்துல அவங்கம்மா இடுப்புல ஒரு பாப்பா கீது. அஞ்சாம் பக்கத்துல காணோம். எங்க மிஸ்?"

தங்கச்சியை மலையிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். அதற்குமேல் தெரியாததால் நான் வரையவில்லை. "பாப்பா வழியிலேயே இறந்துபோச்சும்மா" என்றேன்.

"பேர் இன்னா?"

"தெரியாது."

"உங்க அத்தைதானே மிஸ்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். வேறொன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

இங்கே குளிர் அதிகம். தம்பி வரும்போது அம்மாவின் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும். அத்தையின் பெயரை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள் அப்பா. நினைவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளிடம் ஒரு பொய்ப்பெயர் சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் மகள்,
பூங்கோதை